வைப்ரட்டோ பூட்டிய கிட்டார் ஏன் சுருதிக்குத் திரும்ப மறுக்கிறது?

செமி-ஹாலோ (நடுவே திடக் கட்டையும் இரு பக்கமும் வெற்றிடமும் உள்ள) கிட்டார் கிட்டில், அதாவது நாமே பூட்டிச் சேர்க்கும் தொகுப்பில், பிக்ஸ்பி வகை வைப்ரட்டோ டெயில்பீஸை (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து, கைப்பிடியால் சுருதியை ஆட்டும் பாகம்) பூட்டுபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டால் கம்பிகள் பழைய சுருதிக்கு வருவதில்லை. பலரும் உடனே ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கம்பி வழியில் எங்கெங்கே உரசுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இதை வடிவமைத்த பால் பிக்ஸ்பியின் அமைப்பு மிக எளிமையானது. கம்பிகளின் முனைகள் உருளையான ஒரு தண்டின் முளைகளில் மாட்டியிருக்கும். ஆறு கம்பிகளும் சேர்ந்து, ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையில், அந்தத் தண்டைச் சுழற்றப் பார்க்கும். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் அதைத் தடுத்து நிற்கிறது. தண்டின் ஆரம் சிறியது, ஸ்பிரிங்கோ சுழலும் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சிறிய ஸ்பிரிங்கே போதுகிறது. கைப்பிடியை அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கி, தண்டு சுழன்று, கம்பிகள் தளரும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அரைச் சுரம் இறங்க இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைய வேண்டும்.

அப்படித் தளரும்போது கம்பி பிரிட்ஜின் சாடில் மீதும் (உடலில் கம்பியைத் தாங்கும் இடம்) நட்டின் பள்ளத்திலும் (கழுத்தின் தலைமுனையில் கம்பியைத் தாங்கும் பட்டை) கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். துறைமுகத் தூணில் சுற்றிய கயிறு கப்பலைப் பிடித்து வைப்பது எப்படியோ, அதே கணக்குதான் இங்கேயும்: கம்பி எவ்வளவு வளைந்து செல்கிறதோ அவ்வளவு பிடிப்பு. உராய்வுக் கெழு 0.2, சாடிலில் கம்பி மடியும் கோணம் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சாடிலின் இரு பக்கங்களிலும் இழுவிசை அதிகபட்சம் 3.6 சதவீதம் வேறுபட்டு நிற்க முடியும். சுருதியில் அது சுமார் 30 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் இது உறுத்தும். கோணத்தைப் பாதியாக்கினால் பிழையும் கிட்டத்தட்ட பாதியாகும்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிப்பது நல்லது. பிக்ஸ்பியின் பி7 மாடலில் கம்பிகளைக் கீழ்நோக்கி அழுத்தும் இரண்டாவது தண்டு ஒன்று உண்டு, பி3-யில் கிடையாது. பிரிட்ஜ் உயரமாக நிற்கும் உடலில் அந்த இரண்டாவது தண்டு கோணத்தைத் தேவைக்கு மேல் செங்குத்தாக்கிவிடும். அதற்காகக் கோணத்தை ஒரேயடியாகக் குறைத்தாலும் வம்புதான், கம்பி சாடிலில் அழுந்தி உட்காராமல் இரையும். ரோலர் சாடில் உள்ள பிரிட்ஜ், அல்லது கம்பியோடு சேர்ந்து முன்னும் பின்னும் சாயும் பிரிட்ஜ் இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்க்கிறது. என்னைக் கேட்டால், விலை உயர்ந்த டியூனர்களுக்கு (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகள்) முன்னால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

துளை போடுமுன் உடலின் நடுக்கோட்டை நம்ப வேண்டாம். கிட்களில் கழுத்து இம்மியளவு விலகி ஒட்டப்பட்டிருக்கலாம். முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் மட்டும் மாட்டி, லேசாக இறுக்கி, இரண்டும் கழுத்தின் ஓரங்களிலிருந்து சம தூரத்தில் ஓடும்படி டெயில்பீஸை நகர்த்திப் பார்த்து, அப்புறம் குறியுங்கள். கோணலாகப் பூட்டினால் கம்பி சாடிலில் பக்கவாட்டிலும் உரசும். ஸ்க்ரூக்கள் நடுவே ஓடும் திடமான கட்டைக்குள் இறங்க வேண்டும், மேற்பலகை மட்டும் அந்த இழுப்பைத் தாங்காது. கட்டை எதுவரை இருக்கிறது என்பதை மேற்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாகச் சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்துவிடலாம்.

பலரும் மறப்பது எர்த் வயர், அதாவது இரைச்சலைத் தவிர்க்கக் கம்பிகளை மின்சுற்றின் எர்த்தோடு இணைக்கும் வயர். பழைய டெயில்பீஸை உடலில் பிடிக்கும் ஸ்டட் (உலோகத் தண்டு) வழியாகத்தான் கம்பிகள் எர்த் ஆகியிருக்கும். அதைக் கழற்றியதும் அந்த இணைப்பு போய்விடும், ஆம்பில் இரைச்சல் கேட்கும். அந்த வயரை உடலுக்குள் வெற்றிடம் வழியாகக் கொண்டுவந்து, புது டெயில்பீஸின் உலோகத்தைத் தொடும்படி செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சுருதி நழுவினால், நழுவும் திசையைக் கவனியுங்கள். கைப்பிடியை அழுத்தி விட்டதும் சுருதி இறங்கி நின்றால் கம்பி பிரிட்ஜில் சிக்குகிறது. ஏறி நின்றால் சிக்கல் நட்டில். கம்பி தளர்ந்தபோது டியூனர் பக்கம் நழுவியது, திரும்பி வர முடியாமல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது என்று பொருள். அந்தக் கம்பியை விரலால் வளைத்து இழுத்து விட்டதும் சுருதி சற்று இறங்கினால் சந்தேகமே இல்லை. பள்ளத்தை மெல்லிய அரத்தால் சீராக்கி, பென்சில் முனையின் கிராஃபைட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சுற்றுக்கம்பிகளில் (மேலே உலோக இழை சுற்றிய தடித்த கம்பிகள்) மட்டும் சிக்கினால் அந்தப் பள்ளங்கள் இன்னும் ஒடுக்கமாக இருக்கின்றன, அரம் அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.