முடிச்சு இல்லாமல் கன்னத்தைத் தூக்கும் நூல்

"கத்தி வைக்காமல், நூலை மட்டும் செலுத்தித் தொங்கும் கன்னத்தைத் தூக்க முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும், விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அல்ல.

வயது ஏற ஏறத் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது, கொழுப்பு கீழே சரிகிறது. இது தெரிந்த கதைதான். மருத்துவர் இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துளை வழியாக நூலைத் தோலடிக் கொழுப்புக்குள் செலுத்தி, இழுத்து, மிச்சத்தை நறுக்கிவிடுகிறார். முடிச்சு பெரும்பாலும் கிடையாது. பிறகு நூல் ஏன் வழுக்கி வெளியே வருவதில்லை?

நூலெங்கும் நுண்ணிய முட்கள் உள்ளன. சட்டைக் கைக்குள் புகுந்த புற்கதிர் முன்னே ஏறுமே தவிரப் பின்னே வராது, இதுவும் அப்படித்தான். ஒரு பாதியின் முட்கள் ஒரு திசையையும் மறுபாதியின் முட்கள் எதிர்த்திசையையும் நோக்கியிருக்கும். ஒரு நுனியை இழுத்தால் அந்தப் பாதி நகரும், மறுபாதி திசுவைக் கவ்வும். முடிச்சு முழுச் சுமையையும் ஒரே புள்ளியில் ஏற்றுகிறது. முட்களோ அதைப் பல இடங்களுக்குப் பங்கிட்டுவிடுகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. நூலைச் சீவித்தான் முள் எடுக்க வேண்டும். ஆழமாகச் சீவினால் பிடி கூடும், நூல் மெலிந்து வலுவிழக்கும். அதனால்தான் சீவாமல் அச்சில் வார்த்தெடுக்கும் நூல்களும் வந்தன. முள்நூலுக்கு ஜான் அல்கமோ அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1964இல். 1990களின் பிற்பகுதியில் அதை முகத்துக்குக் கொண்டுவந்தவர் மார்லென் சுலமனிட்ஸே. வயிற்றறைக்குள் முடிச்சுப் போடத் திணறும் நுண்துளை அறுவை மருத்துவர்களுக்கு இதே நூல் பெரும் உதவி. என் கண்ணுக்கு அதுதான் இதன் உண்மையான பெருமை.

இன்று பரவலாகப் பயன்படும் பாலிடையாக்ஸனோன் என்ற செயற்கைப் பொருளாலான நூலைத் திசுவிலுள்ள நீரே சிறுகச் சிறுக அறுத்து, சுமார் ஆறு மாதங்களில் கரைத்துவிடுகிறது. அதைச் சுற்றி உடல் கொஞ்சம் புதுக் கொலாஜனை உருவாக்கும். இதைத்தான் 'இளமை திரும்புகிறது' என்று விற்கிறார்கள். உண்மையில் அது அந்நியப் பொருளைச் சுற்றி உடல் எழுப்பும் தழும்புத் திசு. தூக்கி நிறுத்திய நிலையும் நிரந்தரம் அல்ல: பேச்சிலும் சிரிப்பிலும் அசையும் முகத்தில், மென்மையான கொழுப்பை முட்கள் மெல்ல அறுத்து நகர்ந்துவிடும். ஓராண்டுக்குள் பலன் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. தோலில் குழி விழுவது, நூல் நுனி வெளியே நீட்டுவது, தொற்று ஆகியவையும் நேரக்கூடும்.

தளர்ச்சி லேசாக இருந்தால் பலன் தெரியும். மிகுதியாக இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு இது ஈடாகாது. அங்கே தோலுக்கு அடியிலுள்ள நார்த்தசை உறையை இறுக்கி, மிஞ்சிய தோலை வெட்டி நீக்குகிறார்கள். நூலோ எதையும் நீக்குவதில்லை. மேலே இழுத்த தோல் காதோரம் சுருக்கங்களாகச் சேர்ந்துவிடும்.