எக்சிமா: சிரங்கு இல்லை, கரப்பான்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. என் மகளின் முழங்கை மடிப்பைப் பார்த்த ஆச்சி ஒருவர், "புள்ளைக்குச் சிரங்கா ஆத்தா? மத்த புள்ளைகளோட விடாதே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் வளவில் பிள்ளைகள் எல்லாம் ஓடி விளையாட, இவள் மட்டும் முகப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருந்தது எக்சிமா, தோல் சிவந்து அரிக்கும் நோய். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் அன்று என் வாயில் வரவில்லை.

எக்சிமா கிரேக்கச் சொல். கொதித்து வெளியே பொங்குவது என்று பொருள். பால் பொங்குவதைப் போலத் தோலில் பொரிப்பொரியாகக் கிளம்பி நீர் கசிவதைப் பார்த்து வைத்த பெயர். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் அதில் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்ற வகை. அந்தப் பெயர் 1933-இல் வந்தது.

தமிழில் 'தோல் அழற்சி' என்று எழுதுகிறார்கள். அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து அழற்சி. நல்ல சொல்தான், ஆனால் அது டெர்மடைட்டிஸ் என்ற முழுக் குடும்பத்துக்கும் பொது. எக்சிமாவுக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் கரப்பான். தலையில் வந்தால் மண்டைக்கரப்பான், தோல் வறண்டு வெடித்தால் வறட்சிக்கரப்பான் என்று சித்த மருத்துவம் பிரித்தே சொல்கிறது. பூச்சியின் பெயராயிற்றே என்று கூச வேண்டாம். சொறி சிரங்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும், கரப்பான் தொற்றாது. பெயரை மாற்றிச் சொன்னால் பிள்ளை ஒதுக்கப்படுகிறது.

இன்னொரு சிக்கல்: கொதிப்பு, அழல் என்று எக்சிமா, அழற்சி ஆகிய பெயர்களில் சூடு இருப்பதால், உடம்புச் சூடுதான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் தோலின் வேலிதான் பலவீனம். அந்த வேலிக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் சிலருக்குக் குறை இருப்பதை 2006-இல் கண்டறிந்தார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும், சோப்பும் தூசியும் எளிதில் உள்ளே புகுந்து உறுத்தும். அதனால் வறட்சிக்கரப்பான் என்ற பெயர்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

வறட்சி என்று புரிந்ததும் குளியலை மாற்றினேன். வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான நீர். பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. கடலை மாவைப் போட்டுத் தேய்ப்பதை நிறுத்தினேன். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுவேன். சிவந்து தடித்தால் மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பு, அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை. சீழோ மஞ்சள் பொருக்கோ கண்டால் அன்றே காட்டிவிட வேண்டும்.

அப்புறம், 'கரப்பான் பண்டம்': சாப்பிட்டால் கரப்பான் கூடும் என்று வீட்டில் ஒதுக்கும் உணவுகள். கத்தரிக்காய், கருவாடு என்று எங்கள் அப்பத்தா ஒரு பட்டியலே வைத்திருப்பார். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்து இருக்கும், அது உண்மை. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை இளைத்துப் போகும்.

சித்திரை மதியத்தில் அரிப்பு எடுத்தால், சொறியாமல் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்து முழங்கையைக் குளிர்ச்சியில் அழுத்திக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தால் அவளே சொல்கிறாள்: "கரப்பான்தான். ஒட்டிக்காது, வா."