புரோகிராமே இல்லாமல் ஓடும் பந்து

இரண்டு பேர் திரையில் மட்டையால் பந்தைத் தட்டி ஆடும், 1972இல் அடாரி வெளியிட்ட பாங் வீடியோ விளையாட்டில் புராசஸர் கிடையாது, மெமரி சிப் கிடையாது, ஒரு வரி புரோகிராம்கூடக் கிடையாது. ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளர் சாதாரண டிடிஎல் லாஜிக் சிப்புகளையும் (எண்ணுவது, ஒப்பிடுவது போன்ற சின்ன வேலைகளை மட்டும் செய்பவை) கடையில் வாங்கிய ஒரு கறுப்பு வெள்ளை டிவியையும் வைத்தே வேலையை முடித்துவிட்டார். சரி, அப்படியென்றால் பந்தை நகர்த்துவது யார்?

பழைய டிவிக்குள் எலக்ட்ரான் கற்றை ஒன்று இடமிருந்து வலமாகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே கீழே இறங்கி வரும். பாங்கில் ஒரு சுற்றுக்கு 262 கோடுகள், வினாடிக்குக் கிட்டத்தட்ட 60 சுற்றுகள். கற்றை இப்போது எங்கே இருக்கிறது என்பதை இரண்டு கவுண்டர்கள் எண்ணிக்கொண்டே இருக்கும், ஒன்று கோட்டுக்குள், மற்றொன்று கோடுகளை. நடுவில் வலை வேண்டுமா? கோட்டுக்குள் எண்ணும் கவுண்டர் பாதியைத் தொடும் நொடியில் சிக்னலை உயர்த்தினால் அந்த இடம் வெள்ளையாகிவிடும், அவ்வளவுதான்.

பந்துக்கென்று தனியாக இன்னொரு ஜோடி கவுண்டர் உண்டு. அதில் ஒன்று திரையின் அதே கோடுகளைத்தான் எண்ணுகிறது. அதுவும் 262 எண்ணிவிட்டுத் திரும்பினால் பந்து அசையாது. 261லேயே திரும்பிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோடு முந்திக்கொள்ளும், நம் கண்ணுக்குப் பந்து மேலே ஏறும். 263 ஆக்கினால் இறங்கும். வட்டப் பாதையில் சேர்ந்து ஓடும் இருவரில் ஒருவர் சுற்றுக்கு ஓரடி பின்தங்குவது மாதிரிதான். பந்தின் இடம் எந்த மூலையிலும் எழுதி வைக்கப்படவில்லை, இரண்டு கவுண்டர்களுக்கும் இடையில் விழும் இடைவெளியே அதன் இடம். அடாரியை நிறுவிய புஷ்னெலும் டாப்னியும் 1971இல் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற முந்தைய விளையாட்டில் பயன்படுத்திய உத்தி இது, என்னைக் கேட்டால் பாங்கைவிட அழகானது.

மட்டைக்கு வேறு வழி. திருகைத் திருப்பினால் மின்தடை மாறும், அதனால் 555 என்ற டைமர் சிப்பில் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) நிரம்ப ஆகும் நேரம் மாறும். நேரம் கூடக் கூடக் கற்றை அதற்குள் இன்னும் கீழே இறங்கியிருக்கும், மட்டையும் திரையில் கீழே தள்ளிப்போகும். மட்டையை 8 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார் அல்கார்ன், நடுவில் பட்டால் பந்து நேராகப் போகும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து பறக்கும். சர்க்யூட்டின் குறையால் மட்டை திரையின் மேல் விளிம்பு வரை போகாது. அதை அவர் வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டார், இல்லாவிட்டால் கைதேர்ந்த இரண்டு பேர் விடியும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள்! சத்தமும் ஓசியில் வந்ததுதான்: கூட்டம் ஆரவாரம் செய்யும் ஓசை வேண்டும் என்று புஷ்னெல் கேட்க, அதற்கெல்லாம் சிப் இல்லை என்று அல்கார்ன் ஏற்கெனவே திரைக்காக ஓடிக்கொண்டிருந்த கவுண்டரிலிருந்தே இரண்டு மூன்று சிக்னல்களை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டார்.

இன்றைக்கும் இதை வீட்டில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், 7400 வரிசை என்ற அந்த டிடிஎல் சிப்புகள் இன்னும் கிடைக்கின்றனவே. கட்ட நினைத்தால் முதலில் திரைக் கவுண்டர்களையும் சிங்க் சிக்னலையும் (கோடும் சுற்றும் எப்போது தொடங்க வேண்டும் என்று டிவிக்குச் சொல்வது) மட்டும் பிரெட்போர்டில், அதாவது பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகையில், போட்டு டிவியில் படம் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வலை, அதற்கப்புறம்தான் பந்து. ஒவ்வொரு சிப்புக்குப் பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் செருக மறக்க வேண்டாம். டிடிஎல் சிப்புகள் நிலை மாறும்போதெல்லாம் மின்சாரத்தைச் சட்டென்று உறிஞ்சும், பக்கத்துக் கவுண்டர் அந்த அதிர்வையும் ஒரு துடிப்பாக எண்ணிவிட்டால் பந்து கண்ட இடத்தில் குதிக்கும்.