அரசு ஊழியர் காங்கிரசுக்குக் கடிதம் எழுதலாமா? அமெரிக்க நில அலுவலகத்தில் தொடங்கிய சட்டம்

அமெரிக்காவில் சில குடும்பங்களில் தாத்தா காலத்து நிலப் பட்டாவை பிரேம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். கீழே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் என்று பெயர் இருக்கும். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று பேரப்பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படி இல்லை. பட்டாக்கள் மலைபோலக் குவிந்ததால், ஜனாதிபதியின் பெயரில் கையெழுத்துப் போடுவதற்கென்றே ஒரு செயலாளரை வைத்துக்கொள்ள 1833-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பெயர் அவருடையது, கை வேறொருவருடையது.

ஆனால் நிலத்தையும் அதைக் கொடுக்கும் அதிகாரிகளையும் பற்றி ஜனாதிபதிகள் தங்கள் பொறுப்பிலேயே எழுதிய கடிதங்களும் உண்டு. அதில் ஒன்று 1909 செப்டம்பர் 13 தேதியிட்டது. அந்தக் கடிதம் ஒரு அரசு ஊழியரின் வேலையைப் பறித்தது, அதைச் சுற்றி எழுந்த சண்டை மூன்றே வருடத்தில் ஒரு சட்டத்துக்கு வழிவிட்டது. அரசு ஊழியர் மேலதிகாரியின் அனுமதி கேட்காமலேயே காங்கிரசுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு, தகவல் கொடுக்கலாம் என்கிற சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

முதலில் நிலம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்துவிடலாம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதானவர் அல்லது குடும்பத் தலைவர் 160 ஏக்கர் பொது நிலம் கேட்கலாம், திருமணமாகாத பெண்ணும் கேட்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது பயிரிட வேண்டும். அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு போய் 'ஆமாம், இவர் இங்கேதான் இருக்கிறார்' என்று சொல்ல வைத்தால் பட்டா. வறண்ட மாநிலங்கள் சிலவற்றில் 1909-இல் அளவை 320 ஏக்கராக்கினார்கள், 1912-இல் குடியிருக்கும் காலத்தை மூன்று வருடமாகக் குறைத்தார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் 14 மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் வாங்கிக்கொள்ளலாம், மோசடிக்காரர்களுக்குப் பிடித்த வாசல் அதுதான். குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது ஆகப்போவதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. ஆசியாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அதிலேயே வெளியே நின்றுவிட்டார்கள். இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருந்தாலும் காரியம் நடந்தது உள்ளூர் நில அலுவலகத்தில். அங்கே இரண்டு பேர். மனுவைப் பதிவு செய்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர். ஆளுக்கு 500 டாலர் சம்பளம், வரும் கட்டணத்தில் பங்கு, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. இந்தச் சின்ன ஊர் உத்தியோகத்துக்கு ஆளை நியமிப்பது யார் தெரியுமா, ஜனாதிபதி! செனட்டும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். 1883-லேயே தேர்வு வைத்து ஆள் எடுக்கும் சட்டம் வந்துவிட்டது, ஆனால் செனட் ஒப்புதல் தேவைப்படும் பதவிகளுக்கு அது பொருந்தாது. ஆகவே அந்த மாநிலத்து செனட்டர் சிபாரிசுக் கடிதம் எழுதுவார், ஜனாதிபதி பெரும்பாலும் தட்டமாட்டார், தட்டினால் செனட்டில் பகை.

இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரேகான் மாநிலம் போதும். அந்த மாநிலத்து செனட்டர் ஜான் மிட்செல், நில அலுவலகத்தில் காரியம் முடித்துத் தரப் பணம் வாங்கியதாக 1905-இல் தண்டிக்கப்பட்டார். நிலத்துறைக்கே தலைவராக இருந்த பிங்கர் ஹெர்மன் பதவியை விட்டுப் போகும்போது, கடித நகல்கள் அடங்கிய 35 பெரிய புத்தகங்களை அழித்துவிட்டார் என்று வழக்கு. அதெல்லாம் என் சொந்தக் கடிதங்கள் என்றார் அவர். 1907-இல் விடுதலையும் ஆனார்.

ரூஸ்வெல்ட் நிலத்தைக் காப்பாற்றக் கையாண்ட வழி வேறு. காங்கிரசைக் கேட்டுக்கொண்டிருக்காமல் ஓர் உத்தரவில் நிலத்தை விநியோகத்திலிருந்து எடுத்துவிடுவார். 1906 நவம்பரில் அலாஸ்காவின் நிலக்கரி நிலங்களை அப்படி எடுத்தார். அடுத்த வருடம், ஆறு மேற்கு மாநிலங்களில் இனி ஜனாதிபதி புதிய காடு ஒதுக்கக்கூடாது என்ற சட்டம் கையெழுத்துக்கு வந்து மேசையில் கிடந்தபோது, முதலில் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரை ஒதுக்கிவிட்டு அப்புறம்தான் அதில் கையெழுத்துப் போட்டார். இதில் தந்திரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று அங்கே நிற்கும் காடுகளில் கொஞ்சம் அந்தத் தந்திரத்தால் மிஞ்சியவை.

அடுத்து வந்த டாஃப்ட் வக்கீல், நீதிபதியாகவும் இருந்தவர். சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிற ரகம். உள்துறை அமைச்சராக ரிச்சர்ட் பாலிஞ்சரைப் போட்டார். சிக்கல் இங்கேதான். அலாஸ்காவில் ஒருவருக்கு 160 ஏக்கர் நிலக்கரி நிலம், ஏக்கருக்கு 10 டாலர் என்பது விதி, பிறருக்காகப் பினாமியாக வாங்கக் கூடாது. கன்னிங்ஹாம் என்பவரின் குழு 33 பேர் பெயரில் மனு போட்டிருந்தது, பின்னால் மார்கன், குக்கன்ஹைம் போன்ற பெரிய முதலாளிகளின் கூட்டு நிற்கிறது என்று லூயிஸ் கிளேவிஸ் என்ற புலனாய்வு அதிகாரிக்குச் சந்தேகம். பாலிஞ்சர் முன்பு நிலத்துறைத் தலைவராக இருந்தவர், இடையில் வெளியே போய் சியாட்டிலில் வக்கீல் தொழில் பார்த்தவர், அப்போது அதே குழுவுக்கு வேலை செய்து கொடுத்தவர். கிளேவிஸ் 1909 ஆகஸ்டில் டாஃப்டின் கோடை வீட்டுக்கே போய் நேரில் புகார் கொடுத்தார். பதில் அந்த செப்டம்பர் 13 கடிதம். பாலிஞ்சருக்கு எழுதியது, அவர்மேல் குற்றம் இல்லை என்றது, கிளேவிஸை வேலையிலிருந்து நீக்கலாம் என்றது.

நவம்பர் மாதம் டாஃப்ட் ஓர் உத்தரவும் போட்டார். துறைத் தலைவரின் அனுமதி இல்லாமல் எந்த அதிகாரியும் காங்கிரசிடம் எதுவும் கேட்கவோ, அது கேட்கும் தகவலுக்குப் பதில் சொல்லவோ கூடாது. இது அவர் கண்டுபிடித்ததல்ல. ரூஸ்வெல்ட்டே 1902-இல், ஊழியர்கள் சம்பள உயர்வுக்காகக் காங்கிரசைப் போய்ப் பார்க்கக்கூடாது, மீறினால் வேலை போகும் என்று உத்தரவு போட்டிருந்தார். ரூஸ்வெல்ட் ரசிகர்கள் இதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ வேண்டுமென்றே உத்தரவை மீறினார். கிளேவிஸுக்கு ஆதரவாக அவர் செனட்டர் டாலிவருக்கு எழுதிய கடிதம் 1910 ஜனவரி 6 அன்று செனட்டில் வாசிக்கப்பட்டது. மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

அப்புறம் காங்கிரஸ் கூட்டுக்குழு விசாரணை. கிளேவிஸ் தரப்பில் வந்தவர் லூயிஸ் பிராண்டைஸ், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். டாஃப்ட் கடிதம் எழுதுமுன் படித்ததாகச் சொல்லப்பட்ட அட்டர்னி ஜெனரலின் அறிக்கை செப்டம்பர் 11 தேதி போட்டிருந்தது. பிராண்டைஸ் வரிவரியாகப் படித்தார். அந்தத் தேதிக்குப் பிறகு வெளிவந்த விஷயங்களுக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. அதாவது பிறகு எழுதிவிட்டுப் பழைய தேதியைப் போட்டிருக்கிறார்கள். இதற்கிடையே பாலிஞ்சர் அலுவலகத்து ஸ்டெனோ ஒருவர் முன்வந்து, ஜனாதிபதியின் கடிதத்துக்கு முதல் வரைவை பாலிஞ்சரின் துறையைச் சேர்ந்த சட்ட அதிகாரி ஓஸ்கர் லாலரே தயாரித்தார் என்று சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆளே தீர்ப்புக்கு வரைவு எழுதினார் என்றால் என்ன அர்த்தம்! வெள்ளை மாளிகை முதலில் மறுத்தது, பிறகு டாஃப்டே ஒப்புக்கொண்டு குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ஸ்டெனோவுக்கும் வேலை போனது.

குழு 7-5 என்ற கணக்கில் பாலிஞ்சருக்குச் சாதகமாகவே முடித்தது. ஆனாலும் அவர் 1911 மார்ச்சில் ராஜினாமா செய்தார், கன்னிங்ஹாம் மனுக்களும் அதே வருடம் ரத்தாயின.

1912 ஆகஸ்ட் 24 அன்று வந்ததுதான் லாயிட்-லாஃபாலட் சட்டம். அதன் விஷயம் இரண்டு. ஒன்று, ஊழியர் தனியாகவோ சங்கமாகவோ காங்கிரசுக்கு மனுக் கொடுக்கவும் தகவல் கொடுக்கவும் உள்ள உரிமையைத் தடுக்கக்கூடாது. இரண்டு, பணியின் திறனுக்காகத் தேவைப்படும் காரணம் இருந்தால்தான் நீக்கலாம், அதற்கும் முதலில் எழுத்தில் சார்ஜ் மெமோ கொடுக்க வேண்டும், பதில் எழுத நியாயமான அவகாசம் தர வேண்டும். சாட்சிகளை விசாரித்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது அதிகாரியின் இஷ்டம். பெரிய ஓட்டைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீக்கம் பற்றிய இந்தப் பாதுகாப்பு தேர்வு எழுதி வந்த ஊழியர்களுக்கு. ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொண்ட நில அலுவலக ஆட்கள் இருவரும் அதில் வரமாட்டார்கள். சிபாரிசில் வந்தவர் சிபாரிசு போனால் போக வேண்டியதுதான்.

கிளேவிஸுக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, அவர் வேலை போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. 1933-இல் உள்துறை அமைச்சரான ஹரால்ட் இக்கஸ் அவரை அதே துறையில் புலனாய்வுத் தலைவராகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். சில வருடங்களில் அவர் மறுபடி வெளியேறினார். 1940-இல் அதே இக்கஸ், பழைய கோப்புகளைப் படித்துவிட்டு, பாலிஞ்சர் குற்றமற்றவர் என்று பத்திரிகையில் எழுதினார்.