கடனா, பங்கா? மனைத் தொழிலுக்குப் பணம் கொடுக்கும் முன்

அந்தக் காகிதத்தில் இரண்டே வாக்கியங்கள். "மனைத் தொழிலுக்காக ரூபாய் 15 லட்சம் பெற்றுக்கொண்டேன். மனைகள் விற்றதும் அசலும் லாபத்தில் கால் பங்கும் தருகிறேன்." கீழே தேதி, கையெழுத்து. சாட்சி இல்லை.

கொண்டுவந்தவர் பாபநாசம் பக்கத்து ஓய்வு பெற்ற ஆசிரியை. கொடுத்தது பணி ஓய்வின்போது வந்த பணம். வாங்கியவர் நாத்தனார் மகன். "அத்தை, நமக்குள் எதற்குப் பத்திரம்?" என்று கேட்டவரிடம் இதையாவது எழுதிக்கொடு என்று இவர்தான் வற்புறுத்தி வாங்கியிருக்கிறார். பேச்சு வாக்கில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாதம் 22,500 ரூபாய் பதினான்கு மாதம் கைக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"இது கடனா டீச்சர், பங்கா?" என்று கேட்டேன்.

"கடன்தான் தம்பி. லாபம் வந்தால் சேர்த்துத் தருவதாக அவனாகத்தான் சொன்னான்."

எங்கள் வக்கீல் நோட்டீசுக்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. அது கடனே இல்லையாம், கூட்டுத் தொழிலில் போட்ட முதலாம். தொழிலில் நஷ்டம், அதிலும் கால் பங்கு அத்தையுடையது என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சிவில் வழக்குகள் நடத்துகிறேன். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை தொடங்கிய பிறகு இத்தகைய காகிதங்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. சம்பா விற்ற பணம், சிங்கப்பூரிலிருந்து பிள்ளை அனுப்பிய பணம், நகையை வைத்து எடுத்த பணம் எல்லாம் மனைப்பிரிவுகளுக்குள் போகின்றன. கொடுப்பவர்கள் வட்டியும் வேண்டும், லாபமும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே காகிதத்தில் கேட்கிறார்கள். தொழில் நன்றாகப் போகும்வரை யாரும் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விழுந்த பிறகு, வாங்கியவர் தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார்.

கடன் என்றால் கடன் பத்திரமாகவே எழுதுங்கள். புரோநோட்டில், அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாக வாங்கியவர் கையெழுத்திட்டுத் தரும் சீட்டில், நிபந்தனை இருக்கக் கூடாது. "மனை விற்றதும் தருகிறேன்" என்று சேர்த்துவிட்டால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி அது புரோநோட்டே ஆகாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டைப் பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. கேட்டதும் தர வேண்டிய நோட்டுக்கு ஆயுள் எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டுக்குள் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ வந்து, அந்த வரவைக் கடன் வாங்கியவரே எழுதியோ கையெழுத்திட்டோ தந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான். டீச்சரின் டைரியில் பதினான்கு வரவும் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் எல்லாம் டீச்சரின் கையெழுத்தில். அவர் என்னிடம் வந்தபோது பணம் கொடுத்து மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.

15 லட்சம் போன்ற தொகைக்கு நோட்டும் போதாது. நிலத்தின் மீது அடமானம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறும். வழக்குப் போட 12 ஆண்டு இருக்கிறது. மூலப்பத்திரத்தை வாங்கி பீரோவில் பூட்டி வைத்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எந்த வில்லங்கச் சான்றிலும் தெரியாது. பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் நிற்கப்போவது நீங்கள்.

பங்கு என்றால் அது வேறு உலகம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளி ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்ற எல்லாரும் பொறுப்பு. உங்கள் வீடும் அதில் அடங்கும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டியதைக் கேட்டு மற்றவர்மேல் வழக்குத் தொடர முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் வழி மட்டும் திறந்திருக்கும். நிலம் யார் பெயரில் கிரயம் ஆகிறது என்பதையும் பாருங்கள். ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு "என் பணமும் இதில் இருக்கிறது" என்று பிறகு சொல்லப்போனால், பினாமி தடைச் சட்டம் குறுக்கே வரக்கூடும்.

பங்காக இறங்குகிறவர்கள் நிலத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நம் பகுதி நிலம் வெறும் மண் அல்ல. டீச்சரின் பணம் போன இடம் ஆறு மா நஞ்சை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். பட்டா சரியாக இருந்தது, வில்லங்கமும் இல்லை. ஆனால் தாலுகா அலுவலகத்தில், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படியான பதிவேட்டில் ஒரு குத்தகைதாரர் பெயர் இருந்தது. வில்லங்கச் சான்றில் அது வராது. நடுவே போன வாய்க்கால், கீழே இருந்த வயல்களுக்குப் பாசனம். மனைப்பிரிவு அனுமதி கிடைக்கவில்லை. வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களும் ஏராளம். தாய்ப்பத்திரத்தைப் பின்னோக்கிப் படிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கடன் வாங்கும் விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்பிக்கைக் கிரயம், அதாவது வாங்கிய கடனுக்கு ஈடாக நிலத்தை விற்றதாகவே எழுதும் பத்திரம், எழுதிக் கொடுக்காதீர்கள். "பணத்தைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையென்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அதை அடமானமாக ஏற்காது. நீங்கள் விற்றதாகவே ஆகிவிடும்.

டீச்சரின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தில் உள்ள "மனைகள் விற்றதும்" என்ற சொற்களை வைத்தே காலவரம்பு முடியவில்லை என்று வாதிடுகிறோம். அதே சொற்களை வைத்தே அது கடன் இல்லை என்று அவர்கள் வாதிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு காகிதம் இருந்தால் இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். இரண்டரை ஆண்டு தாண்டியிருந்தால், அடுத்த அறுவடைவரை பொறுங்கள் என்ற பேச்சை ஏற்காமல், பாக்கித் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.