காதடியில் ஊறும் நீர்: உமிழ்நீர்ச் சுரப்பி என்ற சொல்

மெரினாவில் கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். முதல் கடியிலேயே காதுமடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், சுருக்கென்று ஒரு வலி வந்து போகும். சிலருக்குக் கடிக்கக்கூட வேண்டாம், வண்டியைப் பார்த்தாலே போதும். நம் உடம்பிலேயே பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பது அந்த இடத்தில்தான். மருத்துவர்கள் பரோடிட் என்பார்கள். தமிழில் 'மேலண்ணச் சுரப்பி' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது.

என் தம்பி மகள் இந்தப் பெயரைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "பெரியப்பா, அண்ணம்னா வாய்க்குள்ள மேல்பக்கம்தானே? படத்துல காதுகிட்டப் போட்டிருக்கே?" சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் மொத்தச் சொல்லையும் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் 'சுரப்பி'. கன்று முட்டினால் பால் சுரக்கும், ஆற்று மணலைத் தோண்டினால் நீர் சுரக்கும். அந்தச் 'சுர' என்ற வினையிலிருந்து வந்த பெயர் இது. லத்தீன்காரர்கள் சுரப்பியின் வடிவத்தைப் பார்த்து, 'சின்ன ஓக் கொட்டை' என்று பொருள்படும் கிளாண்டுலா என்ற பெயரை வைத்தார்கள். நாம் அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். இதில் திருத்த ஒன்றுமில்லை.

அடுத்து 'உமிழ்நீர்'. உமிழ்தல் என்றால் வெளியே தள்ளுவது. விளக்கு ஒளியை உமிழ்கிறது, வண்டி புகையை உமிழ்கிறது. அப்படியானால் உமிழ்நீர் என்பது துப்பப்படும் நீர். பேச்சில் நாம் சொல்லும் 'எச்சில்' இன்னும் தள்ளிப் போய்விடும். எஞ்சு, எச்சம், எச்சில் என்று வந்த சொல் அது. அதன் முதற்பொருள் மீந்தது. எச்சில் இலை, எச்சில் கை எல்லாம் அந்தப் பொருளில்தான். உண்டு மீந்ததில் வாய்நீர் பட்டிருக்கும் என்பதால் பெயர் அந்த நீருக்கே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 'எச்சில் சுரப்பி' என்று எழுதினால் எனக்கு இடிக்கிறது. மீந்தது எப்படிச் சுரக்கும்?

இந்த நீர் வாய்க்குள் இருக்கும் நிலையைச் சொல்லவும் தமிழில் ஒரு வினை இருக்கிறது: ஊறுதல். வாய் ஊறுகிறது என்கிறோம். 'பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்' என்ற 1121ஆம் குறளில் காதலியின் வெண்பற்களிடையே ஊறும் நீர், பாலும் தேனும் கலந்தது போல இருக்கிறது. எச்சில் என்றதும் முகம் சுளிக்கும் நமக்கு அந்த நீரை இவ்வளவு அன்பாகச் சொன்ன ஒரு மரபும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆராய்ச்சி சொல்வதும் இந்த ஊறும் நீரின் பெருமையைத்தான். ரஷ்யாவில் பாவ்லோவ், நாய்களின் சுரப்பிக் குழாயை வெளிப்பக்கமாகத் திருப்பி விட்டு, சொட்டுச் சொட்டாக அளந்தார். உணவைப் பார்த்தாலே ஊறுகிறது என்பதை எண்ணிக்கையில் காட்டினார். 1904இல் செரிமான ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது அமெரிக்காவின் ஸ்டான்லி கோஹன் செய்தது. எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கமான நாளுக்கு முன்பே அவற்றின் கண்கள் திறந்துகொண்டன, பற்களும் முளைத்தன. தோல் செல்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்று அந்தச் சாற்றில் இருந்தது. 1986இல் சக ஆய்வாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்ந்து அவர் நோபல் பெற்றார்.

மற்ற உயிர்களிடம் போனால் 'உமிழ்' என்ற சொல் இன்னும் தடுமாறும். பசு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரந்து, எல்லாவற்றையும் விழுங்கி, இரைப்பையின் புளிப்பைத் தணித்துக்கொள்கிறது. கொசு துப்புவதில்லை, நம் தோலுக்குள் இறக்குகிறது. 1898இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ், பறவை மலேரியாவின் கிருமிகளைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே கண்டார். கடி வழியாக நோய் எப்படிப் பரவுகிறது என்பது அப்போது தெளிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனால், இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகத்தின் பல்லை ஜாடியின் வாய்த்துணியில் பதிய வைத்து நஞ்செடுப்பதைப் பார்க்கலாம். அந்த மஞ்சள் துளியும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவான ஒரு சுரப்பியிலிருந்து வருவதுதான். தி. நகரில் மடித்து அடுக்கிய பட்டுச்சேலையின் நூல்கூட, பட்டுப்புழுவிடம் உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பி தந்தது.

அதற்காக உமிழ்நீர் என்ற சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் முதல் மருத்துவர்கள் வரை எல்லோருக்கும் பழகிய சொல் அது, பிழையும் இல்லை. ஒரே நீருக்கு ஊறும்போது ஒரு பெயர், வெளிவரும்போது ஒரு பெயர், பட்டு மீந்தபின் ஒரு பெயர் என்பது தமிழின் வளம். மேலண்ணச் சுரப்பிதான் வேறு கதை. அது இடத்தையே தவறாகச் சொல்கிறது.

பரோடிட் என்பது கிரேக்கச் சொல். பாரா என்றால் பக்கத்தில், ஓட் என்றால் காது. பொருள் அவ்வளவுதான், காதுக்குப் பக்கத்தில் உள்ளது. மற்ற இரண்டு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இணைகளுக்கும் தமிழில் கீழ்த்தாடைச் சுரப்பி, நாவடிச் சுரப்பி என்று இடம் தெரிகிற நல்ல பெயர்கள் இருக்கின்றன. நாவடி போல இதைக் காதடிச் சுரப்பி என்று எழுதலாம். செவியடிச் சுரப்பி என்றாலும் சரி.

அண்ணம் என்ற குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம், சுரப்பியின் குழாய் மேல்தாடைப் பக்கமாக வாய்க்குள் திறப்பதால் இருக்கலாம். நாக்கின் நுனியால் மேல் வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் வாசல். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டென்சன் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தபோது இந்தக் குழாயைக் கண்டார். வாசல் கன்னத்தில், வீடு காதடியில்.

இந்தச் சுரப்பி வீங்கும் நோயை ஆங்கிலத்தில் மம்ப்ஸ் என்பார்கள். இலங்கைத் தமிழர் கூகைக்கட்டு என்கிறார்கள். சென்னையில் பாட்டிமார் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு விடுவார்கள். நோயைத் தருவது வைரஸ், சங்கிலியால் அது போகாது. ஆனாலும் அந்தச் சங்கிலி வீக்கத்தை ஒட்டித்தான் கிடக்கும். வீக்கம் காதடியில் என்பதில் பாட்டிமாருக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.