புள்ளிக்கு முன்னால் நிற்பது யார்?

ஜாவா நிரல்மொழியில் ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டத்தை) உருவாக்கி அதற்குப் 'பணியாள்' என்று பெயர் வைக்கிறோம். அது சற்று ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்து பணியாள்.ஸ்லீப்(5000) என எழுதுகிறோம். ஓட்டிப் பார்த்தால் பணியாள் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வரியை இயக்கிய த்ரெட்தான் 5 விநாடி தூங்கிப்போகிறது! நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் அதைப் பிழை என்று தடுப்பதில்லை. புதிதாக நிரல் எழுதுபவர்களை இது வெகுநேரம் அலைக்கழிக்கும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, 'வட்டம்' என்றொரு கிளாஸை, அதாவது ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வார்ப்பை, எடுத்துக்கொள்வோம். அதில் ஆரமும், பரப்பைக் கணக்கிடும் மெத்தடும் (கட்டளைத் தொகுப்பும்) இருக்கின்றன. ஆயிரம் வட்டங்களை உருவாக்கினால் ஆரங்கள் ஆயிரம். ஆனால் பரப்பு மெத்தடின் கட்டளைகள் நினைவகத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்கும். அப்படியானால் எந்த ஆரத்தை எடுப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

நாம்தான் சொல்கிறோம், நமக்கே தெரியாமல். அ.பரப்பு() என்று அழைக்கும்போது, புள்ளிக்கு முன்னால் நிற்கும் 'அ' என்ற வட்டம் ஓர் உள்ளீடாக மெத்தடுக்குள் போய்விடுகிறது. பைத்தான் இதை ஒளிப்பதில்லை. அங்கே 'செல்ஃப்' என்று வெளிப்படையாக எழுதுகிறோம், வட்டம்.பரப்பு(அ) என்று அழைத்தாலும் அதே விடைதான். ஜாவாவில் அதன் பெயர் 'திஸ்'. நிரலை இயக்கும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் உள்ளீடுகளை வரிசையாக வைக்கும்போது பூஜ்ஜியமாவது இடத்தை அதற்குத்தான் தருகிறது. தனி ஆப்ஜெக்டைச் சாராமல் கிளாஸுக்கே உரிய ஸ்டாடிக் மெத்தடில் திஸ் கிடையாது. அந்த இடத்தில் முதல் உள்ளீடே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்லீப் ஒரு ஸ்டாடிக் மெத்தட். பணியாள் என்ற பெயரைப் பார்த்து, அது எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று மட்டும் கம்பைலர் தெரிந்துகொள்கிறது. பணியாள் உள்ளே போவதே இல்லை. எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத வெற்று மாறியை வைத்து ஸ்டாடிக் மெத்தடை அழைத்தாலும் ஜாவாவில் அது வேலை செய்யும் என்பது இன்னும் வியப்பு. அதே மாறியால், பரப்பு போல ஆப்ஜெக்டின் மேல் இயங்கும் இன்ஸ்டன்ஸ் மெத்தடை அழைத்தால் உடனே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழைதான்.

எப்போது முடிவெடுப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு. இன்ஸ்டன்ஸ் மெத்தடை அழைத்தால், ஓடும் நேரத்தில் ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸைப் பார்த்து, சேய் கிளாஸ் (இன்னொரு கிளாஸை விரித்து எழுதிய கிளாஸ்) அதை மாற்றி எழுதியிருந்தால் அந்த வடிவமே இயங்கும். நார்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஆப்ஜெக்டுகளை மையமாக வைத்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது இதைத்தான். ஸ்டாடிக் அழைப்பு எங்கே போகும் என்பதோ மாறியின் அறிவிக்கப்பட்ட வகையை வைத்து முன்கூட்டியே முடிவாகிவிடும்.

ஆகவே ஸ்டாடிக் மெத்தடைக் கிளாஸின் பெயரால்தான் அழைக்க வேண்டும். சி ஷார்ப் மொழி இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஆப்ஜெக்ட் வழியாக அழைத்தால் அங்கே கம்பைல் ஆகாது. ஜாவாவிலும் அப்படியே தடுத்திருக்கலாம். பணியாள் தூங்கத்தான் வேண்டும் என்றால், த்ரெட்.ஸ்லீப்(5000) என்ற வரி பணியாள் இயக்கும் ரன் மெத்தடுக்குள் இருக்க வேண்டும்.